கண்களை மூடியிருக்கும் இரண்டு மணி நேரம்: முதன்முறையாக ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் செய்துகொள்பவர்களுக்கு

அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் பெரும்பாலான வேலைகளை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முடி வெட்டும்போது எதிரில் கண்ணாடி இருக்கும்; நகச்சாயம் பிடிக்காவிட்டால் முதல் விரலிலேயே மாற்றச் சொல்லிவிடலாம். இமைமுடிகளின் மீது செயற்கை இழைகளை ஒட்டி நீளமாக்கும் ஐலாஷ் எக்ஸ்டென்ஷனில் அந்த வசதி கிடையாது. ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை கண்களை மூடி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பசையும் கூர்மையான ட்வீசர்களும் கண்ணுக்கு மிக அருகில் இயங்கிக்கொண்டிருக்கும். நடப்பதை உணர்வால் மட்டுமே அறிய முடியும். ஆகவே எந்தக் கட்டத்தில் என்ன செய்யப்படும், அப்போது கண்ணும் இமையும் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்பதை முன்பே அறிந்துகொண்டு படுப்பதுதான் முதன்முறை செல்பவருக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

எதன் மீது எது ஒட்டப்படுகிறது

மேல் இமையில் ஏறத்தாழ 90 முதல் 150 வரை முடிகள் இருக்கும். அவையெல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. ஒவ்வொரு முடியும் தன் போக்கில் வளர்ந்து, வளர்ச்சி நின்று, சில காலம் ஓய்ந்திருந்து உதிர்கிறது. பின்பு அதே வேர்ப்பையிலிருந்து புதிய முடி முளைக்கிறது. நாள்தோறும் ஒன்றிரண்டு முதல் நான்கைந்து வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பானதே. எக்ஸ்டென்ஷன் என்பது இந்த இயற்கை முடி ஒவ்வொன்றின் மீதும், இமைத்தோலில் படாமல் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு, மெல்லிய செயற்கை இழையைப் பசையால் ஒட்டுவதாகும். இயற்கை முடி உதிரும்போது அதில் ஒட்டிய இழையும் சேர்ந்தே விழும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ரீஃபில், அதாவது விழுந்தவற்றுக்கு ஈடாகப் புதிய இழைகளை ஒட்டுவது, ஏன் தேவைப்படுகிறது, ஓர் இழை பக்கத்து முடியோடு சேர்த்து ஒட்டப்படக் கூடாது என்பது ஏன், விரலால் பிடித்து இழுப்பது ஏன் ஆபத்து என்பவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

இழைகள் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவை. மிங்க், சில்க் என்ற பெயர்களில் விற்கப்படுபவையும் பெரும்பாலும் அதே செயற்கைப் பொருள்தான். மென்மையையும் பளபளப்பையும் குறிக்கவே அப்பெயர்கள் வைக்கப்படுகின்றன. விலங்கு முடியைத் தவிர்க்க விரும்புபவர்கள் பெயரை நம்பாமல், எதனால் ஆனது என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

ஓர் இயற்கை முடிக்கு ஓர் இழை என்பது கிளாசிக். மிக மெல்லிய இழைகள் இரண்டு முதல் ஆறு வரை விசிறி போல் விரித்து ஒரே முடியில் ஒட்டப்படுவது வால்யூம். இரண்டையும் கலந்து செய்வது ஹைப்ரிட். கிளாசிக்கில் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை வழக்கம், வால்யூமில் 0.03 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை. சுருள்வை ஜே, பி, சி, டி என்ற எழுத்துகளால் குறிப்பார்கள்: ஜே ஏறக்குறைய நேராக இருக்கும், டி நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கும்.

முதன்முறை செல்பவர்களுக்கு என் பரிந்துரை கிளாசிக். உங்கள் சொந்த முடியைவிட இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலான நீளத்தைக் கேளுங்கள். படங்களில் பார்க்கும் அடர்த்தியான தோற்றம் மனத்தைக் கவரும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய இயற்கை முடியில் நீளமும் கனமும் கூடிய இழையை ஏற்றினால் முடி வளைந்து திரும்பும், முன்னதாகவே உதிரும், தொடர்ந்து அப்படியே செய்தால் வேர்ப்பை பாதிக்கப்பட்டு அந்த இடத்தில் முடி மெலியும். உங்கள் முடியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கேட்கும் நீளத்தை இது தாங்காது" என்று சொல்லும் கலைஞர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

நேரம் குறிப்பதற்கு முன்

கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வெளியிடும் படங்களில் கண் திறந்த தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூடிய இமையை மிக அருகில் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இழைகள் ஒரே சீராகக் கிளம்ப வேண்டும். அடியில் வெள்ளையாகவோ உருண்டையாகவோ பசைக்கட்டிகள் தெரியக் கூடாது. இழையின் அடிப்பகுதி தோலைத் தொடக் கூடாது. கொத்துக் கொத்தாக ஆயத்தமாக வரும் கிளஸ்டர் இழைகளை ஐந்தாறு முடிகளின் மீது மொத்தமாக ஒட்டிவிட்டு, அதையும் எக்ஸ்டென்ஷன் என்று சொல்பவர்கள் உண்டு. வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கட்டணமும் குறைவாக இருக்கும். ஆனால் வெவ்வேறு வேகத்தில் வளரும் முடிகள் ஒன்றாகப் பிணைக்கப்படுவதால், வளரும் முடி வளராத முடியை வேரோடு இழுக்கும். முழு எக்ஸ்டென்ஷனை முக்கால் மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லப்பட்டால், இழைகள் தனித்தனியாக ஒட்டப்படுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ட்வீசர்கள் ஒவ்வொருவருக்கும் பிறகு கிருமிநீக்கம் செய்யப்படுகின்றனவா? இமைமுடி சீவும் சிறு தூரிகை ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தரப்படுகிறதா? என்ன பசை, அதன் பொருட்பட்டியலைப் பார்க்க முடியுமா? பேட்ச் டெஸ்ட் செய்வீர்களா? இவற்றுக்குச் சலிப்பில்லாமல் விடை சொல்பவரிடம் உங்கள் கண்ணை ஒப்படைக்கலாம்.

பேட்ச் டெஸ்டை வேண்டாத சடங்காக நினைத்து விட்டுவிடக் கூடாது. சந்திப்புக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பாக, இமையின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஒட்டியோ, காதின் பின்புறம் துளிப் பசை தடவியோ ஒவ்வாமை தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். இதில் பிரச்சினை வரவில்லை என்பது முழு உத்தரவாதம் ஆகாது. பலமுறை எந்தத் தொல்லையும் இல்லாமல் செய்துகொண்டவருக்குத் திடீரென ஒவ்வாமை உண்டாவதும் நடக்கிறது. என்றாலும் முதல்முறையே கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவரை முன்கூட்டிக் கண்டறிய இதைவிட எளிய வழி இல்லை.

யார் தள்ளிப்போட வேண்டும்

கண் சிவந்து பீளை தள்ளும் தொற்று, கண்கட்டி, இமையோர அழற்சி ஆகியவை இருக்கும்போது செல்லக் கூடாது. முழுமையாகக் குணமான பிறகே செல்ல வேண்டும். கண்ணில் லேசர் சிகிச்சையோ வேறு அறுவை சிகிச்சையோ அண்மையில் செய்துகொண்டவர்கள், கண் நோய்க்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்பவர்கள், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள் தங்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையால் முடி உதிர்ந்து மீண்டும் முளைத்து வருபவர்களின் இமைமுடி மிக மென்மையாக இருக்கும். அது வலுப்பெறும் வரை காத்திருப்பது நல்லது. பதற்றத்தில் இமைமுடியைப் பிய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல. கர்ப்பிணிகளுக்கு முக்கியமான சிரமம் நீண்ட நேரம் மல்லாந்து படுப்பதுதான். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வசதி உண்டா என்றும் கலைஞரிடம் பேசி வைக்கலாம்.

சந்திப்பு நாளில்

மஸ்காரா, ஐலைனர், கண்ணைச் சுற்றிப் பூசும் க்ரீம் எதுவும் இல்லாமல் சுத்தமான முகத்தோடு செல்ல வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டுப்பசை பிடிக்காது. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை முந்தைய நாளிலிருந்தே தவிர்த்துவிடுங்கள். அதன் மெல்லிய படலம் ஒரே கழுவலில் போகாது. இமைமுடி வளைக்கும் கருவியையும் அன்று பயன்படுத்தக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதன் பெட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துச் செல்ல வேண்டும். லென்ஸோடு படுக்கக் கூடாது. புறப்படுவதற்குச் சற்று முன் காபி குடித்தால் சிலருக்கு இமை துடிக்கும், ஆகவே அதைத் தள்ளிவைக்கலாம். படுப்பதற்கு முன் கழிப்பறைக்குச் சென்று வருவது மிகச் சாதாரணமான அறிவுரைதான், ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் அதன் அருமை தெரியும்.

படுத்த பிறகு

முதலில் இமைமுடியை நுரைக்கும் திரவத்தால் கழுவித் துடைப்பார்கள். அடுத்து, கீழ் இமைமுடிகள் மேலே வந்து ஒட்டிக்கொள்ளாதபடி அவற்றை மூடிக் கண்ணுக்குக் கீழே ஜெல் பேடு ஒட்டுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும். இங்கேதான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். பேடு கண்ணுக்குள் குத்தினாலோ, கீழ் இமையின் ஈரமான உள்விளிம்பைத் தொட்டு உறுத்தினாலோ, கண் முழுமையாக மூடாமல் சிறு பிளவு இருப்பதாகத் தோன்றினாலோ உடனே சொல்லிவிடுங்கள். பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அந்த விளிம்பு இரண்டு மணி நேரம் கண்ணின் வெண்பகுதியை உரசிக்கொண்டே இருக்கும். எழுந்து பார்க்கும்போது அங்கே சிவப்புக் கோடு விழுந்திருக்கும். இதைச் சரிசெய்யக் கலைஞருக்கு அரை நிமிடம் போதும்.

பிறகு பேட்டின் மீது பேனாவால் கோடுகள் இட்டு, உள் மூலையில் எத்தனை மில்லிமீட்டர், நடுவில் எத்தனை, வெளி மூலையில் எத்தனை என்று வரைபடம் போடுவார்கள். கண்ணை அகலமாகக் காட்டவோ, வெளி மூலையில் நீட்டிக் காட்டவோ முடிவு செய்யப்படும் இடம் இதுதான். கண்ணின் அமைப்பைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் கண் திறந்திருக்க வேண்டும். ஆகவே பேடு ஒட்டுவதற்கு முன்பே, நீங்கள் எழுந்து உட்கார்ந்திருக்கும்போதே, கலைஞர் உங்கள் கண்ணைப் பார்த்துத் தோற்றத்தைப் பேசி முடித்திருக்க வேண்டும். பேசாமலே படுக்கச் சொன்னால் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

ஒட்டும் வேலை தொடங்கியபின், கலைஞர் ஒரு கையிலுள்ள ட்வீசரால் ஒரே ஒரு முடியைப் பக்கத்து முடிகளிலிருந்து விலக்கிப் பிடிப்பார். மறு கையிலுள்ள ட்வீசரால் இழையின் அடியைப் பசையில் தொட்டு அம்முடியின் மீது வைப்பார். தொழிலில் இந்த விலக்கிப் பிடிப்பதை ஐசொலேஷன் என்கிறார்கள். வேலையின் தரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிவது, இமையோரத்தில் ஏதோ மிக மெல்லியதாகத் தொட்டு விலகுவது மட்டுமே. பலர் இதில் தூங்கிவிடுகிறார்கள். வலி இருக்கக் கூடாது. ஊசி குத்துவது போன்ற உணர்வு, முடி இழுபடும் வலி, இமைத்தோலில் சுருக்கென்று சூடு, இவை எதுவும் இந்த வேலையின் பகுதி அல்ல.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொல்லைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வருகின்றன. இதில் உள்ளது சயனோஅக்ரிலேட். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு வேறொரு நோக்கத்துக்காக இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்தபோது, தொட்டவற்றிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகவே ஒதுக்கிவைத்தது. 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்புகளிலும் உள்ள ஈரம்தான் இதை இறுகச் செய்கிறது. இமைமுடி வேலைக்கு இதன் தனி வகைகள் தயாரிக்கப்படுகின்றன. கடைகளில் பொருள்களை ஒட்ட விற்கும் பசையை ஒருபோதும் இமைக்கு அருகில் கொண்டுவரக் கூடாது. இறுகும்போது மெல்லிய ஆவி எழும். கண் நன்றாக மூடியிருந்தால் அது உள்ளே செல்லாது. கண்ணை இடையில் திறந்தாலோ, இமை சற்றே விலகியிருந்தாலோ ஆவி கண்ணைத் தாக்கும், கண்ணீர் பெருகும். அந்தக் கண்ணீர் பட்டால் பசை சட்டென்று வெளுத்து இறுகி, ஒட்டிய வேலையும் கெடும். ஆகையால்தான் இடையில் கண்ணைத் திறக்க வேண்டாம் என்று அவ்வளவு வலியுறுத்துகிறார்கள்.

மூடிய கண்ணில் எரிச்சல் தொடங்கினால் என்ன செய்வது? வாயால் சொல்லுங்கள், கண்ணைத் திறக்காதீர்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள். கலைஞர் வேலையை நிறுத்தி, சிறு விசிறியால் ஆவியை விலக்கி, பேடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதன் பின் எரிச்சல் அடங்கினால் தொடரலாம். அடங்கவில்லை என்றால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை. "முதல்முறை என்றால் கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்று சொல்லப்பட்டாலும் ஏற்க வேண்டாம். பசைத்துளி கண்ணுக்குள்ளேயே விழுந்துவிட்டால், இமையைப் பிய்த்துத் திறக்க முயலாமல், சுத்தமான நீரால் நிறையக் கழுவியபடி தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எழுவதற்கு முன்

முடிவில் விசிறியாலோ மெல்லிய நீர்த்தூவலாலோ பசையை இறுகச் செய்வார்கள். அதன்பின், இரண்டு முடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று ட்வீசரால் வரிசையாகத் தேடிப் பிரிப்பார்கள். நிதானமாகச் செய்யப்பட வேண்டிய கட்டம் இது. பேட்டை ஈரப்படுத்திக் கீழ்முடிகள் பிய்யாமல் மெதுவாக எடுத்த பிறகே கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிச்சம் கூசும். இமை சற்றுப் பாரமாகவும் புதிதாகவும் தோன்றும். லேசான சிவப்பு இருந்தால் சில மணி நேரத்தில் தணியும். கண்ணாடியில் தோற்றத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சில முறை கண்ணை இறுக மூடித் திறந்து பாருங்கள். எங்காவது குத்துகிறதா, எங்காவது இழுக்கிறதா? ஏதேனும் ஓர் இழை இமைத்தோலையோ கண்ணையோ உரசினால் அப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று விடக்கூடிய விஷயம் அல்ல இது.

முதல் இரண்டு நாட்களும் அதற்குப் பிறகும்

24 முதல் 48 மணி நேரம் வரை இமைமுடியை நனைக்க வேண்டாம் என்பது பழைய விதி. இப்போதுள்ள சில பசைகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. உங்களுக்குப் பயன்படுத்தப்பட்ட பசைக்கு எது பொருந்தும் என்பதைக் கலைஞரிடம் கேட்டு அதன்படி நடப்பதே சரி. முதல் இரண்டு நாட்களில் நீராவிக் குளியல், நீச்சல், அடுப்பின் நேரடி அனல் ஆகியவற்றைத் தவிர்த்துவிடலாம்.

அதன் பிறகு கழுவ வேண்டும். விலை கொடுத்து ஒட்டியது விழுந்துவிடுமே என்று பயந்து பலர் இமைப்பக்கம் தண்ணீரே படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதைவிடத் தீங்கான பழக்கம் இதில் வேறொன்றும் இல்லை. இமையோரத்தில் எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேரும். அங்கே கிருமிகளும், டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சியும் பெருகும். இமையோரம் சிவந்து அரிக்கத் தொடங்கும். அந்த எண்ணெயால் பசையும் விரைவில் விடும். எண்ணெய் இல்லாத, நுரைக்கும் இமைக்கழுவியை மென்மையான தூரிகையால் வேர்ப்பக்கத்திலிருந்து நுனி நோக்கி நாள்தோறும் தடவி, தாராளமாக நீர்விட்டு அலசி, துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். காய்ந்தபின் சிறு தூரிகையால் ஒருமுறை சீவினால் போதும். எண்ணெய் கலந்த ஒப்பனை நீக்கிகள், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, முடி வளைக்கும் கருவி ஆகியவை எக்ஸ்டென்ஷன் இருக்கும் வரை வேண்டாம். குப்புறப் படுத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் உதிரும்.

நாள்தோறும் ஒன்றிரண்டு இழைகள் விழும். விழுந்ததை எடுத்துப் பாருங்கள்: இழையோடு உங்கள் சொந்த முடியும் முழு நீளத்தில் இருந்தால் அது இயல்பான உதிர்வு. இழை மட்டும் தனியாக விழுந்துகொண்டே இருந்தால், பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். முதல் சில நாட்களிலேயே அப்படி நிறைய விழுந்தால் கலைஞரிடம் தெரிவியுங்கள். ரீஃபில் இரண்டு மூன்று வாரங்களில், ஒரு மணி நேரம் போல ஆகும். வளர்ந்து தள்ளிப்போன இழைகளை நீக்கிவிட்டு, புதிதாக வளர்ந்த முடிகளில் ஒட்டுவார்கள். பாதிக்கு மேல் விழுந்துவிட்டிருந்தால் ரீஃபில் என்ற கணக்கில் வராது, புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஒவ்வாமை வந்தால்

அன்றே தோன்றி மறுநாள் தணிந்துவிடும் லேசான சிவப்பு ஆவியால் ஏற்பட்ட உறுத்தலாக இருக்கலாம். ஒவ்வாமையின் போக்கு வேறு: பெரும்பாலும் சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கண்களின் இமைகளும் வீங்கும், அரிப்பு தாங்க முடியாமல் இருக்கும், நேரம் போகப்போகக் கூடும். அப்படியானால் இழைகளை நீக்கியாக வேண்டும். வீட்டில் நீங்களாகப் பிய்த்தெடுக்கக் கூடாது. எண்ணெய் ஊறவைத்து இழுப்பதும் கூடாது. பசையைக் கரைக்கும் ஜெல் அல்லது க்ரீமைத் தடவி, மூடிய கண்ணில் சில நிமிடங்களில் கலைஞர் வழித்தெடுப்பார். பார்வை மங்கினாலோ, கண் வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனாலோ, சீழ் போல வடிந்தாலோ, முதலில் கண் மருத்துவர், அதன் பிறகே அழகு நிலையம்.

ஒருமுறை பசைக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை அது கூடுதல் கடுமையோடு வரக்கூடும். மாத்திரை போட்டுக்கொண்டு மீண்டும் செய்துகொள்ளலாம் என்ற யோசனைக்கு இடமே தரக் கூடாது. பசை இல்லாமல் சொந்த முடியையே வளைத்துத் தூக்கும் சாயல் வேண்டுமென்று லாஷ் லிஃப்டுக்கு மாற நினைத்தால், அதிலும் முடியைப் பிடித்துவைக்க ஒருவகைப் பசையும், வளைக்க வேதிக் கரைசல்களும் பயன்படுவதால், அதற்கெனத் தனியாகப் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும். மேலும், காயங்களைத் தையலின்றி மூடுவதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் பசையும் சயனோஅக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. செயற்கை நகம் ஒட்டும் பசையும் அப்படியே. ஆகவே இமையில் ஒவ்வாமை கண்டவர்கள் தங்கள் மருத்துவக் குறிப்பில் அதைப் பதிவு செய்து வைத்து, அறுவை சிகிச்சைக்கோ காயத்துக்கோ மருத்துவமனை செல்லும்போது மறவாமல் சொல்ல வேண்டும்.